அணுக் குளிர்காலத்துக்கு இருபத்திரண்டு பீப்பாய் கோஸ்

பெலோகாமென்,
ஒன்பதாம் எண் கட்டடம், இரண்டாம் மாடி.
டிசம்பர் 14

பெருமதிப்பிற்குரிய சகலை ஸ்தமாத் அவர்களுக்கு,

ரங்கேல் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் உயிரோடும் ஓரளவு நலத்தோடும் இருக்கிறேன். தாங்களும் மதினி தின்காவும், தங்கள் திராட்சைக் கொடிகளும், தங்கள் இடது முழங்காலும் பொமோரியேயின் கடற்காற்றில் சௌக்கியமாக இருப்பதாக நம்புகிறேன். அங்கு வந்திருக்கும் என் மனைவி தோன்காவின் நலத்தைத் தனியாக விசாரிக்க எனக்கு உரிமை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆகவே தங்கள் வீட்டிலுள்ள அனைவரும் நலமா என்று பொதுவாகக் கேட்டு, அந்த அனைவரில் அவளையும் சேர்த்துக்கொள்கிறேன்.

சகலைகள் ஒருவரை ஒருவர் மதிப்பதில்லை என்பது நம் நாட்டு வழக்கம். நாமும் முப்பத்து நான்கு வருடமாக அதைக் குறைவில்லாமல் நடத்தி வந்திருக்கிறோம். இன்று அந்த வழக்கத்தை மீறித் தங்களுக்கு நன்றி சொல்லப் போகிறேன், ஆகவே கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்து படிக்கவும். ஏன் தொலைபேசியில் சொல்லக்கூடாது என்று கேட்பீர்கள். என் செல்போன் பதினான்காம் எண் பீப்பாய்க்குள் விழுந்து உப்பு நீரில் ஊறிப் போனது. தங்கள் எண்ணும் தோன்காவின் எண்ணும் அதற்குள்தான் இருந்தன. என் திருமண நாளே எனக்கு மனப்பாடமில்லை என்று தோன்கா சொல்லுவாள், எண்கள் எங்கே நினைவிருக்கப் போகின்றன. அது எப்படிப் பீப்பாய்க்குள் விழுந்தது என்பதை உரிய இடத்தில் விளக்குகிறேன்.

தோன்கா அங்கு வந்து என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. பைத்தியம் பிடித்தவனோடு குடும்பம் நடத்த முடியாது என்று சொல்லியிருப்பாள், அதில் தவறொன்றுமில்லை. ஆனாலும் என் தரப்பையும் தாங்கள் கேட்க வேண்டும். தொழிற்சாலையின் தற்காப்புக் கிடங்கில் முப்பது வருடம் பொறுப்பாளராக இருந்தவன் நான். நூற்று எண்பது வாயு முகமூடிகளை எண்ணி, தூசி தட்டி, மறுபடி எண்ணி வைத்ததுதான் என் வாழ்நாள் வேலை. ஒரு நாள்கூட யாரும் வந்து ஒரு முகமூடி கொடு என்று கேட்டதில்லை. கிடங்கை மூடியபோது மொத்தத்தையும் என் தலையில் கட்டி அனுப்பினார்கள். அப்படிப்பட்ட ஒருவன், அணுகுண்டுப் போர் வந்தால் புகை மேலே போய் வானத்தை மூடிக்கொள்ளும், சூரியன் தெரியாது, கோடையிலும் பனி உறையும், வருடக்கணக்கில் ஒரு புல்கூட முளைக்காது, அதற்குப் பெயர் அணுக் குளிர்காலம் என்று பத்திரிகையில் படித்தால் என்ன செய்வான்? தாங்கள் சிரிப்பீர்கள். போன ஈஸ்டரில் எல்லார் முன்னாலும் ரங்கேலுக்கு வேற எதிரி கிடைக்கல, சூரியனோட சண்டைக்குப் போறான் என்று சொல்லி, முட்டை மோதும் பந்தயத்தில் தங்கள் முட்டையால் என் முட்டையையும் உடைத்தீர்கள். நான் அதை மறக்கவில்லை. மன்னித்துவிட்டேன், மறக்கவில்லை.

எங்கள் கட்டடத்தின் அடியில் பழைய பதுங்கறை ஒன்று இருப்பது தங்களுக்குத் தெரியும். அரையடி கனத்தில் இரும்புக் கதவு, காற்றுக் குழாய், சுவரில் சாய்வாகப் படுக்கைப் பலகைகள் எல்லாம் உண்டு. கட்டடப் பொறுப்பாளராக என்னைத் தேர்ந்தெடுத்த நாளிலிருந்து (வேறு யாரும் ஒப்புக்கொள்ளவில்லை என்பது உண்மைதான்) அதைச் சுத்தம் செய்து, விறகு அடுப்பு வைத்து, புகைக் குழாயை மேலே விட்டேன். அக்டோபர் கடைசியில் வாசல் கதவில் ஒரு அறிவிப்பு ஒட்டினேன்: ‘யாத்ரெனா ஸிமா வரப் போகிறது, ஒவ்வொரு குடும்பமும் பதுங்கறையில் தன் பங்கைச் சேமிக்கவும்.’ யாத்ரெனா ஸிமா என்று நான் எழுதியது அணுக் குளிர்காலத்தைத்தான். ஆனால் நம் மொழியில் அந்தச் சொல்லுக்கு அணு என்றும் அர்த்தம், கெட்டியாகக் கொழுகொழுவென்று இருப்பது என்றும் அர்த்தம். சந்தையில் எந்த வியாபாரியும் அணுவைக் கூவி விற்பதில்லை, யாத்ரென் முட்டைக்கோஸைத்தான் கூவி விற்கிறான். போதாக்குறைக்கு என் கையெழுத்து. குளிர்காலத்துக்கு நாம் சொல்லும் ஸிமாவும் முட்டைக்கோஸுக்குச் சொல்லும் ஸெலேயும் என் கையெழுத்தில் இரட்டைப் பிள்ளைகள். என் கையெழுத்தைப் பார்த்துக் கோழி கிளறிய மண் என்று தாங்கள் முன்பு சொன்னதும் நினைவிருக்கிறது.

ஆக, கட்டடம் முழுவதும் அதை எப்படிப் படித்தது தெரியுமா? கெட்டியான முட்டைக்கோஸ் வரப் போகிறது, ஒவ்வொரு குடும்பமும் பதுங்கறையில் தன் பங்கைச் சேமிக்கவும். முதன்முறையாக ஒரு கட்டடப் பொறுப்பாளர் உருப்படியான காரியம் செய்கிறார் என்று மாடிக்கு மாடி என்னைப் புகழ்ந்தார்களாம். வீட்டுக்குள் கோஸ் பீப்பாய் வைத்தால் வசந்தம் வரை திரைச்சீலையெல்லாம் நாறும் என்பது எல்லார் வீட்டுப் பிரச்சினை. நவம்பர் முதல் ஞாயிறு காலையில் நான் கீழே போய்ப் பார்த்தால், மனித குலத்தைக் காப்பாற்ற நான் ஒதுக்கி வைத்த இடத்தில் இருபத்து மூன்று பீப்பாய் நிற்கிறது. எல்லாவற்றிலும் கோஸ், உப்பு நீர், மேலே ஒரு ஆற்றுக்கல். ஏழாவதாக நின்ற நீலப் பீப்பாயை எனக்கு நன்றாகத் தெரியும். அது தோன்காவுடையது. நான் எழுதியதைச் சொந்த மனைவியே கோஸ் என்று படித்திருக்கிறாள்.

ஒரே ஒரு பீப்பாய்தான் வரவில்லை, அது மூன்றாம் மாடி பராஷ்கேவாவுடையது. ஊறுகாய் ஆலையில் நாற்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கோஸ் விஷயத்தில் இந்தத் தெருவுக்கே அவள் சொன்னதுதான் சட்டம். அவளுடைய பீப்பாய் மரப்பீப்பாய், பதுங்கறைக் கதவில் நுழையவில்லை. திரும்பவும் மேலே தூக்கிக்கொண்டுபோய்த் தன் பால்கனியில் வைத்துக்கொண்டாள். இந்தச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும்.

நானும் விட்டுக்கொடுத்தேன், சகலை. உணவு உணவுதானே என்று நினைத்துப் பீப்பாய்களுக்கு எண் போட்டு, தரையில் சாக்கட்டியால் வட்டம் வரைந்து வரிசையாக நிறுத்தினேன். அத்தோடு நின்றிருக்கலாம். ஆனால் நவம்பர் பதினெட்டாம் தேதி பதினான்கு நாள் சோதனை ஒன்றைத் தொடங்க ஏற்பாடு செய்திருந்தேன். கதவை உள்ளிருந்து பூட்டிக்கொண்டு ஒரு மனிதன் அங்கே வாழ முடிகிறதா என்று பார்க்கும் சோதனை. அதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே, காற்று எவ்வளவு கசிகிறது என்று அளப்பதற்காகக் கதவைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஊற வைத்த கோஸை இரண்டு நாளைக்கு ஒரு முறை திருப்ப வேண்டும், அடியிலுள்ள உப்பு நீரைப் பிடித்து மேலே ஊற்ற வேண்டும், இல்லாவிட்டால் ரப்பர் குழாயை அடிவரை விட்டு ஊத வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் விஞ்ஞானம் முக்கியம் என்று நினைத்தேன்.

தோன்கா பதுங்கறைப் படியில் வந்து நின்றாள். ரோஜாப் போர்வையைத் தோளில் போட்டிருந்தாள்.

“ரங்கேல், சாவியைக் குடு. ரெண்டு நாளாத் திருப்பல. அடியில வழவழன்னு ஆயிடும்.”

நடுவில் கதவைத் திறந்தால் சோதனை முழுக்க வீணாகிவிடும் என்று விளக்கினேன்.

“சரி. வெளியில எல்லாரும் செத்துட்டாங்கன்னே வச்சுக்குவோம். நீ ஒருத்தன் மட்டும் உள்ள உக்காந்து என்ன பண்ணப் போறே?”

“உயிரோட இருப்பேன்” என்றேன். முட்டாள்தனமான பதில்தான், ஆனால் அந்த நேரத்தில் வாயில் அதுதான் வந்தது.

“அப்ப இன்னைலேர்ந்தே பழகிக்கோ” என்றாள்.

தன்னிடமிருந்த வீட்டுச் சாவியை என்மேல் எறிந்தாள். அது என் மார்பில் பட்டுப் படியில் விழுந்தது. பிறகு என் சட்டைப் பையில் தானே கையை விட்டுப் பதுங்கறைச் சாவியை எடுத்து, கதவைத் திறந்து, சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டு, ஏழாம் எண் பீப்பாயை உருட்டிக்கொண்டு மேலே ஏறினாள். உதவிக்குப் போன என்னைக் கிட்டவே விடவில்லை. பேருந்தின் சாமான் அறையில் தங்கள் ஊர் வரை கோஸ் பீப்பாய் கொண்டுவந்த ஒரே பெண் அவளாகத்தான் இருப்பாள். ஏறும்போது கடைசியாக ஒரு வார்த்தை சொன்னாள்: “மத்தவங்களோடதையாவது திருப்பு.”

நான் உள்ளே போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன். கோபத்தில்தான். சோதனை என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதல் இரண்டு நாள் நாற்றம் தாங்காமல் முகமூடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சேமித்து வைத்த பிஸ்கட் பல்லுக்குப் பணியவில்லை. மீன் டப்பாவைத் திறந்து பார்த்ததும் மறுபடி மூடிவிட்டேன், அது எந்த அரசாங்கத்தின் காலத்தில் அடைத்த மீனோ. மூன்றாம் நாள் காற்றுக் குழாய் வழியாகப் பராஷ்கேவாவின் குரல் வந்தது. “ஏம்ப்பா ரங்கேல், உசிரோட இருக்கியா? இருந்தா ஒத்தப்பட நம்பரையெல்லாம் இன்னைக்குத் திருப்பு, ரெட்டப்படய நாளைக்குத் திருப்பு. நொரை வந்தா வழிச்சு எறி. மூஞ்சியில என்னத்தயாவது மாட்டியிருந்தா கழட்டு, வாசனை பாக்காம கோஸ் ஊறாது.” நான் கழற்றினேன். அன்றிலிருந்து தினமும் காலையில் அந்தக் குழாய் வழியாக அவள் உத்தரவு போட, நான் உள்ளே திருப்பிக்கொண்டிருந்தேன். இருபத்திரண்டு பீப்பாய், ஒன்றுவிட்டு ஒரு நாள். அப்படித் திருப்பும்போதுதான், வெளிச்சத்துக்காகப் பல்லில் கடித்திருந்த செல்போன் பதினான்காம் எண்ணுக்குள் விழுந்தது. அந்தப் பீப்பாயின் சொந்தக்காரர் இதுவரை அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இந்த இடத்தில் தங்களிடம் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. பதினோரு வருடத்துக்கு முன்பு, திராட்சை ரசம் இறக்கும் தங்கள் சிவப்பு ரப்பர் குழாய் என் வீட்டு விருந்தில் காணாமல் போனது. நான் எடுக்கவில்லை என்று தங்கள் முகத்துக்கு நேரே சிலுவை போட்டுச் சத்தியம் செய்தேன். தாங்கள் நம்பவில்லை, அதனால் இரண்டு கிறிஸ்துமஸ் நாம் பேசிக்கொள்ளவில்லை. அந்தக் குழாய் என்னிடம்தான் இருந்தது, சகலை. அவசரத் தேவைக்கான பொருட்கள் என்ற பெட்டியில் முதல் பொருளாக வைத்திருந்தேன். இருபத்திரண்டு பீப்பாயையும் அதை வைத்துத்தான் ஊதினேன். கட்டடத்தில் இன்று எல்லாரும் சாப்பிடுவது தங்கள் குழாயின் புண்ணியம். நன்றியும் மன்னிப்பும் இந்த ஒரே வாக்கியத்தில் அடங்கட்டும், தனித்தனியாகச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பதினோராம் நாள் காலையில் பராஷ்கேவாவின் குரல் வரவில்லை. காற்றுக் குழாயில் எப்போதும் தெரியும் சின்ன வெளிச்சமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அடுப்பின் புகை மேலே போகாமல் அறைக்குள்ளேயே திரும்பியது. இருமிக்கொண்டே அடுப்பை அணைத்தேன். விளக்கு அணைந்தது. வானொலியைத் திருகினால் இரைச்சலைத் தவிர ஒன்றுமில்லை. கதவின் பூட்டைத் திறந்து தள்ளினேன், அசையவில்லை. மெழுகுவத்தி ஏற்றி வெப்பமானியைப் பார்த்தால் ஆறு டிகிரி, சாயங்காலம் பார்த்தால் மூன்று டிகிரி. வெளியே கனத்த ஈரப்பனி கொட்டி, கூரையிலிருந்து சரிந்து, பதுங்கறைப் படியையும் குழாய்களையும் மூடி, மின்கம்பிகளையும் இழுத்துப் போட்டிருக்கிறது என்று யாருக்கும் தோன்றியிருக்கும். தங்களுக்குத் தோன்றியிருக்கும். எனக்குத் தோன்றவில்லை. முப்பது வருடமாக எதற்காகக் காத்திருந்தேனோ, அது வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன்.

இதைச் சொன்னால் தாங்கள் நம்பமாட்டீர்கள். முதல் அரை மணி நேரம் எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. நான் சொன்னது சரியாகப் போயிற்று என்று உரக்கச் சொல்லிப் பார்த்தேன். அதைக் கேட்க ஆளில்லை. பிறகு நோட்டை எடுத்து, ஒருவன் எத்தனை நாள் தாங்குவான் என்று போட்டிருந்த கணக்கில் இருபத்திரண்டு பீப்பாய்களையும் சேர்த்துப் பார்த்தேன். ஆறு வருடம் வந்தது. ஆறு வருடம் கோஸ் தின்னலாம், உப்பு ஜாஸ்தி என்று சொல்லக்கூட ஆளிருக்காது. அப்போது தோன்கா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. என்ன பண்ணப் போறே என்று கேட்டாளே, அந்தக் கேள்வி. ஏழாம் எண் வட்டம் காலியாக இருந்தது. நான் அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்து அழுதேன், சகலை. கடல்மட்டத்தில் இருக்கிற ஊருக்கு அவளை நானே விரட்டிவிட்டேனே, இங்கே இருந்திருந்தால் அரையடி இரும்புக்குப் பின்னால் பத்திரமாக இருந்திருப்பாளே என்று அழுதேன். பிறகு மதினிக்காக அழுதேன். மூன்றாவதாகத் தங்களுக்காகவும் அழுதேன். வரிசையில் மூன்றாவது என்று வருத்தப்பட வேண்டாம், அழுதது நிஜம்.

அழுது முடித்ததும் வேறு வேலை தெரியாததால் எழுந்து ஒற்றைப்படை பீப்பாய்களைத் திருப்பினேன். மறுநாள் இரட்டைப்படை.

அதற்கடுத்த நாள், மத்தியானம் இருக்கும், கதவில் ஏதோ உரசும் சத்தம் கேட்டது. பாதுகாப்பு உடையை மாட்டி, முகமூடியைப் போட்டு, கதவோடு காதை ஒட்டிக்கொண்டேன். மனிதக் குரல். பராஷ்கேவாவின் குரல்.

“வெளியில எவ்வளவு இருக்கு?” என்று கத்தினேன். கதிர்வீச்சைத்தான் கேட்டேன்.

“நாலு போதும்” என்றாள்.

நாலு என்றால் நாலு என்ன, எந்த அளவில் நாலு, மனிதன் தாங்கும் நாலா தாங்காத நாலா என்று உள்ளே நின்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். அவள் மறுபடி சொன்னாள்: “நாலு கோஸ்ப்பா. நல்ல கெட்டியாப் பாத்து எடு. கதவைத் தள்ளு, நாங்க இழுக்கறோம்.”

கதவு திறந்தது. எதிரே வெள்ளை வெளேரென்று பனி, அதற்கு மேலே சூரியன். பத்துப் பதினைந்து பேர் கையில் மண்வெட்டி, ரொட்டித் தட்டு, குழந்தைக் குளியல் தொட்டி என்று கிடைத்ததை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். அடுத்த நொடி முகமூடிக்குள் என் கண்ணாடியில் ஆவி படிந்து ஒன்றும் தெரியாமல் போனது. பராஷ்கேவா முகமூடியை என் முகத்திலிருந்து உருவி, பனியில் எறிந்து, என் கன்னம் இரண்டையும் பிடித்துப் பார்த்துவிட்டு, “இளைச்சுட்டே” என்றாள். நான் அவள் தோளில் சாய்ந்துகொண்டு எல்லாரும் உயிரோடு இருக்கிறீர்களா என்று கேட்டேன். ரொட்டிதான் இல்லை, மற்றபடி எல்லாரும் இருக்கிறோம் என்றார்கள்.

அடுத்த ஆறு நாள் மின்சாரம் இல்லை, ரொட்டிக்கடை இல்லை, மேலே மாடிகளில் குழாய்த் தண்ணீரே உறைந்துவிட்டது. கட்டடம் மொத்தமும் கீழே வந்து என் அடுப்பைச் சுற்றித்தான் குடியிருந்தது. மனித குலத்தைக் காப்பாற்றும் பதுங்கறை ஒரு வழியாக அதைத்தான் செய்தது, ஆனால் நான் சேர்த்து வைத்ததில் எதுவும் பயன்படவில்லை. பிஸ்கட்டைச் சுத்தியால் உடைத்து வெளியே புறாவுக்குப் போட்டார்கள், புறாவும் தொடவில்லை. முகமூடிகள் மட்டும் வெங்காயம் நறுக்கவும் முள்ளங்கி துருவவும் உதவின. எட்டுப் பெண்கள் முகமூடி மாட்டிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்து வெங்காயம் நறுக்கியதைத் தாங்கள் பார்த்திருக்க வேண்டும். முப்பது வருடம் கழித்து ஒருவர் வந்து என்னிடம் முகமூடி ஒன்று கொடுங்கள் என்று கேட்டார், அதுவே எனக்குப் போதும். காலையில் கோஸ் சாறு, மத்தியானம் கோஸும் பீன்ஸும், சாயங்காலம் கோஸ் இலையில் அரிசி வைத்துச் சுருட்டிய சர்மி. யாரோ பிளம் சாராயம் கொண்டுவந்தார்கள். ஐந்தாம் மாடிக்காரர் துருத்திப் பெட்டி வாசித்தார், மோசமாகத்தான் வாசித்தார். இப்படி ஒரு கோஸ் வாழ்நாளில் சாப்பிட்டதில்லை, திருப்பினவன் கை நல்ல கை என்று பராஷ்கேவாவே சொன்னாள். நான் கோஸைத் தின்றுகொண்டிருந்தேன், கண்ணீர் வெங்காயத்தால் வந்தது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

இட நெருக்கடியில் பிள்ளைகள் ஏழாம் எண் வட்டத்துக்குள் வந்து உட்காரப் பார்த்தார்கள். அதை மட்டும் நான் விடவில்லை. பனிச்செருப்பு வைக்கக்கூட விடவில்லை. காரணம் யாரும் கேட்கவில்லை, எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இந்தக் கடிதத்தை எழுதும்போதுதான் இன்னொன்று உறைக்கிறது. பராஷ்கேவா நாலு கோஸ் கேட்டாள் அல்லவா? அவளுக்குப் பதுங்கறையில் பீப்பாயே கிடையாது. அவளுடையது மேலே பால்கனியில் இருக்கிறது, பெரிய மரப்பீப்பாய், தளும்பத் தளும்பக் கோஸ். எழுபத்திரண்டு வயதில் விடிந்ததிலிருந்து மத்தியானம் வரை பனியை வெட்டி வந்தவளுக்குக் கோஸ் எதற்கு? போய்க் கேட்டேன். கேக்கறதுக்கு வேற ஒண்ணும் தோணலப்பா என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அவள் கையில் கட்டுப் போட்டிருந்தது.

ஆகவே, சகலை, நான் நன்றி கெட்டவன் இல்லை என்று தோன்காவிடம் சொல்லுங்கள். பதுங்கறைச் சாவியைப் பராஷ்கேவாவிடம் கொடுத்துவிட்டேன். கதவை இனி யாரும் பூட்டுவதில்லை. நோட்டை அடுப்பில் போட்டேன். கட்டடத்தார் மறுபடி என்னையே பொறுப்பாளராகத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள், இனி அறிவிப்பு எதையும் நான் கையால் எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடு. ஒரு மாதமாக என் மனைவியைத் தங்கள் கூரையின் கீழ் வைத்து, தங்கள் மேசையில் சோறு போட்டதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. என்னைப் பற்றி அவள் சொல்லும்போது கொஞ்சமாவது எனக்காகப் பேசியிருப்பீர்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். பேசவில்லை என்றாலும் பரவாயில்லை. கிறிஸ்துமஸ் முந்தைய நாள் விரத மேசையில் இரண்டு தட்டு வைக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். பாதையை ஓரிரு நாளில் திறந்துவிடுவார்களாம். தயவுசெய்து அவளிடம் பக்குவமாகப் பேசி, அடுத்த பேருந்திலேயே அவளை இங்கே அனுப்பி வையுங்கள். பீப்பாயையும்.

மதினியின் கைகளுக்கு என் முத்தம். தங்கள் முழங்காலுக்கு முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டிப் பாருங்கள், இங்கே பலருக்குக் கேட்டிருக்கிறது. தங்கள் வீட்டில் ரொட்டியும் விருந்தாளியும் குறையாமல் இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளும்,

தங்கள் நன்றியுள்ள சகலை,
ரங்கேல்

பின்குறிப்பு, டிசம்பர் 16, பொமோரியே: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள். பனியில் தபால் வண்டி வரவில்லை, கடிதம் எப்போது சேருமோ என்று பொறுக்காமல் நானே கையில் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டேன். இப்போது தங்கள் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பென்சிலால் எழுதுகிறேன். வீடு பூட்டியிருக்கிறது. தாங்கள் மூன்று பேரும் இன்று விடிவதற்கு முன்பே மண்வெட்டியும் கயிறும் ஏற்றிக்கொண்டு காரில் பெலோகாமென் போய்விட்டதாகப் பக்கத்து வீட்டு அம்மாள் சொல்கிறாள். என்னிடமிருந்து ஒரு தகவலும் இல்லாமல் தோன்கா இரண்டு வாரமாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம். பாதை திறந்தது என்று வானொலியில் சொன்ன நிமிடம், ரங்கேல் உள்ளயே செத்துக் கெடப்பான், வண்டியை எடுங்க என்று தங்களை உலுக்கினாளாம். பின் சீட்டில் நீலப் பீப்பாய் உட்கார்ந்திருந்ததாம், தோன்கா அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு போனாளாம். மலைப் பாதையில் எங்கேயோ நாம் ஒருவரை ஒருவர் தாண்டிப் போயிருக்கிறோம், சகலை. இன்றைய பேருந்தில் எனக்கு இடமில்லை, நின்றுகொண்டு போக ஓட்டுநர் விடமாட்டேன் என்கிறார். இந்தக் கடிதத்தை மட்டும் கொண்டுபோய்ப் பராஷ்கேவாவிடம் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறார். நான் நாளைய வண்டியில் வருகிறேன். ஆகவே தோன்காவை அனுப்பி வையுங்கள் என்று எழுதியதை அடித்துவிட்டு, எக்காரணம் கொண்டும் அனுப்பாதீர்கள், என்னைத் தேடித் திரும்பக் கிளம்பிவிடப் போகிறாள், அங்கேயே பிடித்து வையுங்கள் என்று படித்துக்கொள்ளவும். வீட்டுச் சாவி இரண்டும் என் சட்டைப் பையில் இருப்பதால் வீட்டுக்குள் போக முடியாது. பதுங்கறைக்குப் போங்கள். கதவு திறந்திருக்கும், அடுப்புக்குப் பக்கத்தில் விறகு இருக்கிறது. ஏழாம் எண் வட்டம் அழியாமல் இருக்கிறது, பீப்பாய் அங்கே போகட்டும். இன்று ஒற்றைப்படை முறை. ஐந்தாம் எண்ணிலிருந்து ஒரு கோஸ் எடுத்துத் தின்று பார்க்கச் சொல்லுங்கள், உப்பு ஜாஸ்தியா கம்மியா என்று நான் வந்ததும் அவள் எனக்குச் சொல்லட்டும்.